ரோபெகானுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு: பெயர் கொடுப்பது முதல் நாற்காலி மடக்குவது வரை

ஜூலை மாதப் பிற்பகுதியில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஹெல்சிங்கியின் பாசிலா ரயில் நிலையத்தில் இறங்கினால் வழி கேட்க வேண்டியதே இல்லை. முதுகில் நுரைப்பஞ்சு வாளைக் கட்டியவர், காதை நீட்டி ஒட்டிக்கொண்டவர், இரண்டு கையிலும் போர்டு கேம் பெட்டிகளைச் சுமப்பவர் என்று ஒரு கூட்டம் ஒரே திசையில் நடந்துகொண்டிருக்கும். அவர்கள் பின்னாலேயே போனால் மெஸ்ஸுகெஸ்குஸ் கண்காட்சி அரங்கம் வந்துவிடும். அங்கேதான் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ரோபெகான்.

பின்னிஷ் மொழியில் ‘ரோலிபெலி’ என்றால் ரோல்பிளே விளையாட்டு. அதைச் செல்லமாகச் சுருக்கினால் ‘ரோபெ’. ‘கான்’ என்பது கன்வென்ஷன், அதாவது ரசிகர்கள் கூடும் விழா. 1994-இல் தொடங்கிய இந்த விழாவுக்கு இப்போது சில ஆயிரம் பேர் வருகிறார்கள். ஐரோப்பாவில் தன்னார்வலர்கள் நடத்தும் ரோல்பிளே விழாக்களில் மிகப் பெரியவற்றில் இது ஒன்று. லாப நோக்கமில்லாத ஒரு சங்கம் இதை நடத்துகிறது. தலைமைப் பொறுப்பாளர் தொடங்கி வாசலில் டிக்கெட் பார்ப்பவர் வரை, விழாவை நடத்துகிறவர்களில் ஒருவருக்கும் சம்பளம் கிடையாது.

நான் பின்லாந்துக்கு வேலைக்கு வந்தவன். ஐந்து கோடைகளாக ரோபெகானுக்குப் போய்வருகிறேன். இங்கே படிக்க வரும் நம் பிள்ளைகளும் வேலைக்கு வரும் நண்பர்களும் “அங்கே எப்படிப் போவது, போனால் என்ன செய்வது?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், இது யார் நடத்தும் விழா என்று புரிந்துகொள்ளுங்கள்

முதல் ஆண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு, சினிமாவுக்குப் போவதுபோல வெறுங்கையோடு போனேன். எந்த விளையாட்டிலும் பெயர் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க அரங்கத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எங்கு பார்த்தாலும் மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஐந்தாறு பேர் தலையைச் சேர்த்து வைத்துப் பேசுகிறார்கள், திடீரென்று சிரிக்கிறார்கள், கத்துகிறார்கள். எனக்கு மட்டும் உட்கார இடமில்லை. சனிக்கிழமை காலை தகவல் மேசையில் போய்க் கேட்டபோது அங்கிருந்த அம்மா, “இரண்டு மணி நேரம் உதவி செய்கிறீர்களா? ஆள் குறைகிறது” என்றார். சரி என்றேன். அந்த இரண்டு மணி நேரத்தில் பதினைந்து பேரைத் தெரிந்துகொண்டேன். மாலையில் அவர்களில் ஒருவரின் மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது.

பின்லாந்தில் ‘தல்கோத்’ என்று ஒரு வழக்கம் உண்டு. ஊரில் ஒரு கொட்டகை கட்ட வேண்டும், குடியிருப்பின் முற்றத்தில் இலை கூட்ட வேண்டும் என்றால் எல்லோரும் ஒரு நாள் கூடிச் செய்து முடிப்பார்கள். கூலி கிடையாது, கடைசியில் சூப்போ சாசேஜோ கிடைக்கும். எனக்கு இதைப் பார்த்ததும் குடிமராமத்துதான் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரில் மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு போய் வாய்க்காலில் அவரவர் பங்கைத் தூர்வாருவார்கள் என்று தாத்தா சொல்வார். யாராவது வராமல் போனால் அந்த இடத்தில் தண்ணீர் நின்றுவிடும். ரோபெகானும் அப்படித்தான் ஓடுகிறது. கதை சொல்ல யாரும் வராவிட்டால் மேசை காலி. கோட்டு வாங்கிவைக்க யாரும் வராவிட்டால் கதவு திறக்காது. இது தெரிந்துவிட்டால் கீழே சொல்லும் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

ரோல்பிளே என்றால் என்னவென்றே தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். ஒரு மேசை, நாலைந்து பேர். அவர்களில் ஒருவர் கேம் மாஸ்டர், சூழ்நிலையைச் சொல்பவர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். “கதவுக்குப் பின்னால் இருமல் சத்தம் கேட்கிறது, என்ன செய்கிறீர்கள்?” என்று அவர் கேட்பார். “மெதுவாகத் திறக்கிறேன்” என்பீர்கள். சத்தமில்லாமல் திறந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். பல விளையாட்டுகளில் அது 20 முகப் பகடை. தாயம் விழ வேண்டுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டையை உருட்டியவர்களுக்கு அந்த நொடி நன்றாகவே தெரியும். இங்கே காய்க்குப் பதில் கதை நகரும். அவ்வளவுதான்.

இந்த மாதிரிக் கூட்டங்கள் சின்னதாகத்தான் தொடங்கின. 1968 ஆகஸ்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரில், கேரி கைகாக்ஸ் என்பவர் தோட்டக்கலை மண்டபத்தை 50 டாலர் வாடகைக்குப் பிடித்து, மேசையில் பொம்மைப் படைகளை நகர்த்திப் போர் விளையாடுபவர்களைக் கூட்டினார். அதுதான் ஜென் கான். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் அவருக்கு டேவ் ஆர்னெசன் அறிமுகமானார். இருவரும் சேர்ந்து 1974-இல், ரோல்பிளே வகைக்கே முன்னோடியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். ஒரு வாடகை மண்டபத்தில் இரண்டு பேர் சந்தித்ததில் இவ்வளவும் கிளைத்திருக்கிறது. அதனால்தான் இந்தக் கூட்டங்களை நான் வெறும் பொழுதுபோக்காகப் பார்ப்பதில்லை.

வசந்தத்திலேயே முடிவெடுங்கள்: எப்படி வரப்போகிறீர்கள்?

மூன்று வழி உண்டு. டிக்கெட் வாங்கி வரலாம், ஷிப்ட் வேலை செய்ய வரலாம், கேம் மாஸ்டராக மேசை நடத்த வரலாம். பின்னால் சொன்ன இரண்டுக்கும் குறிப்பிட்ட மணி நேரம் உழைத்தால் நுழைவு இலவசம். எத்தனை மணி நேரம், சாப்பாடு உண்டா, வேறென்ன கிடைக்கும் என்பதெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்த ஆண்டு அறிவிப்பைப் படித்துக்கொள்ளுங்கள். ஆள் எடுப்பதும் நிகழ்ச்சி கேட்பதும் விழாவுக்குப் பல வாரம் முன்பே தொடங்கிவிடும். ஜூலை பிறந்தபிறகு யோசிக்கத் தொடங்கினால் டிக்கெட் ஒன்றுதான் மிஞ்சும்.

என் யோசனை இது: முதல் ஆண்டு ஒரே ஒரு ஷிப்ட், மீதி நேரமெல்லாம் விளையாட்டு. இரண்டாம் ஆண்டு ஒரு மேசை. முதல் தடவையே மூன்று மேசை நடத்துகிறேன் என்று பெயர் கொடுத்தவர்களை சனிக்கிழமை இரவில் பார்த்திருக்கிறேன். தொண்டை கட்டி, கண் சிவந்து, சுவரில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

மொழியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். நிகழ்ச்சிகள் பின்னிஷில் நிறைய, ஆங்கிலத்திலும் நிறைய, ஸ்வீடிஷில் கொஞ்சம். எந்த மேசை எந்த மொழியில் என்று முன்பே போட்டிருப்பார்கள். கேம் மாஸ்டராக வந்தால் “எளிய ஆங்கிலம்” என்று குறிப்பில் எழுதிவிடுங்கள். அதற்காகவே தேடி வருபவர்கள் உண்டு.

பயணமும் தங்கலும் சாப்பாடும்

இந்தியாவிலிருந்து வருவதானால் ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள். கோடையில் விண்ணப்பம் கொடுக்க முன்பதிவு நேரம் கிடைப்பது சிரமம், அதனால் ஏப்ரலிலேயே வேலையைத் தொடங்குங்கள். ஐரோப்பாவில் ஷெங்கன் நாடொன்றில் குடியிருப்பு அனுமதியோடு இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

விமான நிலையத்திலிருந்து ‘ஐ’ அல்லது ‘பி’ ரயிலில் ஏறினால் நேராகப் பாசிலா. ஏபிசி மண்டல டிக்கெட் எடுக்க வேண்டும். ஹெல்சிங்கி மத்திய நிலையத்திலிருந்து வந்தால் பாசிலா அடுத்த நிறுத்தம், ஐந்தே நிமிடம். நிலையத்தை ஒட்டியே திரிப்லா என்ற பெரிய வணிக வளாகம் இருக்கிறது. பல்பொருள் அங்காடி, சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் அங்கே உண்டு. மூன்று நாளும் அரங்கத்துக்குள்ளேயே வாங்கிச் சாப்பிட்டால் பை இளைத்துவிடும். காலையில் திரிப்லாவில் ரொட்டி, பழம், தயிர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் அருமையாக இருக்கும், ஒரு பாட்டில் போதும்.

சைவக்காரர்கள் ‘கஸ்விஸ்’ என்ற சொல்லைத் தெரிந்துகொண்டால் போதும். சைவ உணவைக் குறிக்கும் சொல் அது. உணவுப் பட்டியலில் ‘எல்’ என்ற எழுத்து லாக்டோஸ் இல்லாததையும் ‘ஜி’ என்பது குளூட்டன் இல்லாததையும் காட்டும். முட்டையும் பாலும் வேண்டாம் என்றால் ‘வெகானி’ என்று கேளுங்கள்.

தங்குவதற்கு நகரத்தில் விடுதிகள் இருக்கின்றன, விலை அதிகம். பின்லாந்து விழாக்களில் பள்ளிக்கூடத் தரையில் படுத்துத் தூங்கும் மலிவான தங்கல் ஒன்றும் உண்டு. படுக்கை விரிப்பை நாமே கொண்டுபோக வேண்டும். அந்த ஆண்டு அப்படி ஏதாவது ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்டுவையுங்கள். கல்யாண வீட்டில் கூடத்தில் வரிசையாகப் படுத்துத் தூங்கிய நமக்கு அது ஒன்றும் புதிதில்லை. கண்ணுக்குக் கட்ட ஒரு துணி எடுத்துக்கொள்ளுங்கள்: ஜூலையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும்.

கான் வட்டாரத்தில் 6-2-1 என்று ஒரு பழைய கணக்கு சொல்வார்கள். ஒரு நாளைக்குக் குறைந்தது 6 மணி நேரத் தூக்கம், 2 வேளை ஒழுங்கான சாப்பாடு, 1 குளியல். தூக்கத்தை மட்டும் விட்டுக்கொடுக்கலாம் என்று நினைப்பீர்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

விளையாட இடம் பிடிப்பது

ஒரு மேசையில் நான்கு முதல் ஆறு பேருக்குத்தான் இடம். கேட்பவர்களோ அதிகம். ரோபெகானில் இதற்கென்றே ‘கொன்ஸ்தி’ என்று ஒரு மென்பொருளை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். உங்களுக்குப் பிடித்த விளையாட்டுகளை விருப்ப வரிசையில் குறித்தால் குலுக்கலில் இடம் ஒதுக்கும். முன்னால் வந்தவருக்கே முதலிடம் என்றிருந்தால் வேகமான போன் வைத்திருப்பவர்களுக்கே எல்லாம் போகும். குலுக்கல்தான் நியாயம் என்பது என் கருத்து.

முதல் விருப்பமாக எல்லோரும் கேட்கும் பிரபலமான விளையாட்டைப் போடாதீர்கள். பெயர் தெரியாத சின்ன விளையாட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை நேரம், “புதியவர்கள் வரலாம்” என்று எழுதியிருக்கும் மேசை, இவற்றில் இடம் கிடைப்பது எளிது. பல நேரம் அங்கேதான் நல்ல கேம் மாஸ்டரும் இருப்பார். குலுக்கலில் கிடைக்கவில்லையா? தொடங்கும் நேரத்துக்கு பத்து நிமிடம் முன்னால் அந்த மேசைக்கே போய் நில்லுங்கள். யாராவது ஒருவர் வராமல் போவது வழக்கம். கேம் மாஸ்டரிடம் “இடம் இருந்தால் உட்காரலாமா?” என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம், அவருக்கும் ஆள் வேண்டும்.

இடம் கிடைத்தும் போக முடியவில்லை என்றால் உடனே ரத்து செய்துவிடுங்கள். நான்கு பேர் மேசையில் இரண்டு பேர் வராவிட்டால் அந்த விளையாட்டே நின்றுபோகும். வாரக்கணக்கில் உட்கார்ந்து கதை எழுதியவர் அங்கே தனியாகத் தாள்களை அடுக்கிக்கொண்டிருப்பார்.

நீங்களே ஒரு மேசை நடத்துவது

இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல ஆசை. ரோபெகானில் எனக்கு மிகப் பிடித்த வேலையும் இதுதான்.

வீட்டில் நண்பர்களோடு மாதக்கணக்கில் ஓடும் கதை வேறு, விழாவில் முன்பின் தெரியாத ஐந்து பேரோடு நான்கு மணி நேரத்தில் முடியவேண்டிய கதை வேறு. இரண்டாவதை நாவலாக நினைக்காமல் ஒரு நல்ல சிறுகதையாக நினையுங்கள். ஒரு இடம், ஒரு இரவு, ஒரு இக்கட்டு.

நான் முதலில் நடத்தியது கண்மாய்க் கதை. ஐப்பசிக் கடைசி. மூன்று நாளாக விடாத மழை. கண்மாய் நிறைந்து கரையில் ஓரிடம் கசிகிறது. விடிவதற்குள் தண்ணீரை எங்காவது வெட்டிவிட்டே ஆக வேண்டும். தெற்கே வெட்டினால் ஒரு தெரு, வடக்கே வெட்டினால் அறுவடைக்கு நிற்கும் வயல். பாத்திரங்கள் ஆறு: மடையைப் பார்த்துக்கொள்ளும் நீர்க்கட்டி, வயல்காரர், தெற்குத் தெருவில் குடியிருக்கும் பாட்டி, பக்கத்து ஊரில் வாக்கப்பட்டு அன்றைக்குத்தான் வந்திருக்கும் மகள், ஊர்த் தலைவர், ஆடு மேய்க்கும் பையன். பின்லாந்துக்காரர்களுக்கு இது புரியுமா என்று எனக்குப் பயம். ஆனால் ஏரிகளுக்கு நடுவே வாழ்கிறவர்களுக்குத் தண்ணீரைப் பற்றிச் சொல்லித்தர ஒன்றுமில்லை. குடிமராமத்தை விளக்கத் தொடங்கியதும் ஒரு பெண் “தல்கோத்!” என்றார், எல்லோரும் தலையாட்டினார்கள்.

தயாரிப்பை இப்படிச் செய்யுங்கள். பாத்திரங்களை நீங்களே எழுதி வையுங்கள், ஆளுக்கு ஒரு தாள், அதில் பாதிக்கு மேல் எழுத்து வேண்டாம். பெயர், தொழில், எதில் கெட்டிக்காரர், என்ன வேண்டும், யார்மேல் கோபம். இந்தக் கடைசி இரண்டும்தான் கதையை ஓட்டும். என் வயல்காரர் தாளில் “நீர்க்கட்டி போன வருடம் உனக்குத் தண்ணீர் குறைத்துவிட்டார்” என்று ஒரே வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியில் முக்கால் மணி நேரம் ஓடியது. பெயர்களைச் சின்னதாக வையுங்கள். மாரி, செல்வி, பாண்டி என்றால் எந்த நாட்டுக்காரர் வாயிலும் நுழையும்.

விதிகள் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிகிற அளவுக்கு இருக்க வேண்டும். கனமான விதிப்புத்தகம் கொண்டுவந்தால் முதல் ஒரு மணி நேரம் அதிலேயே போகும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் வசதி என்றால் அதன் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாகிவிட்டது. அதிலிருந்து தேவையானதை அச்சடித்து மேசையில் வைக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

நேரக் கணக்கு முக்கியம். எனக்கு ஒத்துவந்த கணக்கு இது: முதல் இருபது நிமிடம் அறிமுகம், பாத்திரம் தேர்ந்தெடுப்பது, விதி. உடனே கதை நடுவில் இறக்கிவிடுங்கள். “நீங்கள் எல்லோரும் ஒரு டீக்கடையில் சந்திக்கிறீர்கள்” என்று தொடங்காமல் “நீங்கள் கரைமேல் நிற்கிறீர்கள், காலடியில் மண் நழுவுகிறது” என்று தொடங்குங்கள். இரண்டு மணி நேரம் ஆனதும் பத்து நிமிட இடைவேளை. தண்ணீர் குடிக்காமல் நாலு மணி நேரம் பேச முடியாது. மூன்றே கால் மணி நேரத்தில், கதை எங்கே இருந்தாலும் சரி, முடிவை நோக்கித் தள்ளுங்கள். கடைசிப் பத்து நிமிடம் மேசையைத் துடைத்து அடுத்தவருக்குக் கொடுப்பதற்கு. அடுத்த கேம் மாஸ்டர் பையோடு பின்னால் நின்றுகொண்டிருப்பார், அவரைக் காக்க வைக்கக் கூடாது.

தொடங்கும் முன்பு, இந்தக் கதையில் என்ன வரும் என்று சொல்லிவிடுங்கள். என் கதையில் வெள்ளம், குழந்தைக்கு ஆபத்து இரண்டும் வரும், சொன்னேன். ‘எக்ஸ் அட்டை’ என்று ஒன்று உண்டு, ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் என்பவர் உருவாக்கியது. ஒரு அட்டையில் பெருக்கல் குறி வரைந்து மேசை நடுவில் வைத்துவிடுவது. யாருக்காவது ஒரு காட்சி தாங்கவில்லை என்றால் அதைத் தொடுவார். காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை விட்டுவிட்டு நகர வேண்டும். தெரியாத மனிதர்களோடு உட்காரும்போது இது மிகவும் தேவை. நான் ஒரு தடவையும் இல்லாமல் நடத்தியதில்லை.

பாத்திரத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, அட்டையைக் கூடாரம்போல மடித்து ஒவ்வொருவர் முன்னாலும் நிறுத்துங்கள். பெரிய அரங்கத்தில் நாற்பது மேசை ஒரே நேரத்தில் பேசும். சத்தம் காது கிழியும். கத்தத் தொடங்கினால் சனிக்கிழமை இரவுக்குள் குரல் போய்விடும். முன்னால் சாய்ந்து, மெதுவாகப் பேசுங்கள். அவர்களும் முன்னால் சாய்வார்கள்.

இன்னொன்று, பின்லாந்தில் மேசை நடத்துகிறவர்களுக்காகவே சொல்கிறேன். இவர்கள் பேசாமல் இருந்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. என் முதல் மேசையில் நீர்க்கட்டி பாத்திரத்தை எடுத்தவர் ஒரு நடுவயதுக்காரர். இரண்டு மணி நேரம் அவர் வாயிலிருந்து பத்துச் சொல்கூட வரவில்லை. பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தார். போரடிக்கிறதோ என்று எனக்கு உள்ளுக்குள் உதறல். மற்ற ஐந்து பேரும் தெற்கா வடக்கா என்று சண்டை போட்டு ஓய்ந்த நேரம், அவரைப் பார்த்து, “நீர்க்கட்டி என்ன செய்கிறார்?” என்று கேட்டேன். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். நம் ஊர்ப் பழக்கத்தில் அந்த இடைவெளியை நானே பேசி நிரப்பியிருப்பேன். அன்று எப்படியோ வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் பென்சிலைக் கீழே வைத்தார். “அரிக்கேன் விளக்கை அணைக்கிறேன். எந்தப் பக்கம் வெட்டினேன் என்று யாரும் பார்க்கக் கூடாது” என்றார். மேசையில் ஒரு சத்தமும் இல்லை. வயல்காரராக விளையாடிய பெண் தன் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

ஆக, நேரடியாக, பாத்திரத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள். பிறகு காத்திருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள்.

ஒரு ஷிப்ட் எடுப்பது

பெயர் கொடுக்கும்போது எந்த வேலை என்று கேட்பார்கள். தகவல் மேசை, டிக்கெட் சோதனை, விளையாட்டு மேசைகளுக்கு ஆள் சேர்ப்பது, அரங்கக் கதவு, கோட்டு அறை, பொருள் ஏற்றி இறக்குவது என்று நிறைய உண்டு. காவல் பொறுப்புக்கு மட்டும் காவல்துறை அங்கீகரித்த அனுமதி வேண்டும், அது நமக்கு வேண்டாம். பின்னிஷ் தெரியாதவர்களுக்கு நான் சொல்வது ‘நரிக்கா’. கோட்டு, பை வாங்கிவைக்கும் அறைக்கு இங்கே பேச்சு வழக்கில் அதுதான் பெயர். அங்கே எண் தெரிந்தால் போதும். ஒரு வில்லை பொருளில், ஒரு வில்லை கையில்.

கோடையில் யார் கோட்டு கொண்டுவருவார்கள் என்று நினைத்தேன். வந்ததெல்லாம் வேறு. இரண்டு மீட்டர் இறக்கை, சூட்கேஸ் நிறைய பொம்மைப் படைகள், ஈட்டி, மழையில் நனைந்த கம்பளி அங்கி. ஒரு தடவை பத்து வயதுப் பையன் ஒருவன் அட்டைக் கேடயம் ஒன்றைக் கொண்டுவந்தான். இரவெல்லாம் உட்கார்ந்து வர்ணம் அடித்திருக்கிறான், சிவப்புக் கரடி. வர்ணம் காயவில்லை. கொக்கியில் மாட்டினால் பக்கத்துக் கோட்டில் ஒட்டும், சுவரில் சாய்த்தால் சுவரில் ஒட்டும். என்னோடு ஷிப்டில் இருந்த பெரியவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய செய்தித்தாளைத் தேடி எடுத்தார், மேசைக்கடியில் விரித்தார், கேடயத்தை மல்லாக்க வைத்தார், நான்கு மூலையிலும் காபிக் கோப்பையைக் கவிழ்த்து யாரும் மிதிக்காமல் வேலி கட்டினார். பையன் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனான். மாலையில் வாங்க வந்தபோது காய்ந்திருந்தது.

ஷிப்டுக்குப் பத்து நிமிடம் முன்னால் போய்விடுங்கள். பின்லாந்தில் சரியான நேரம் என்றால் அதுதான். உங்கள் இடத்துக்கு அடுத்த ஆள் வரும்வரை நகராதீர்கள். முடியவில்லை என்றால் பொறுப்பாளரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஏற்பாட்டுக் குழுவுக்கு இங்கே ‘கொனிதெயா’ என்று பெயர். கானையும் கமிட்டி என்ற பொருள் தரும் ‘கொமிதெயா’வையும் ஒட்டி விளையாட்டாக வைத்தது. மாதக்கணக்கில் மாலை நேரங்களை இதற்குக் கொடுத்தவர்கள் அவர்கள். விழா நாளில் அவர்களிடம் கேள்வி கேட்கும் முன் “சாப்பிட்டீர்களா?” என்று கேளுங்கள். பாதிப் பேர் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

மற்றவை

விளையாட்டு மேசைகள் மட்டுமல்ல, சொற்பொழிவுகள், சிறு பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டும் இடம், சீட்டு விளையாட்டுகள், பழைய விளையாட்டு விற்கும் மூலை, கடைகள் எல்லாம் இருக்கும். போர்டு கேம்களை இரவல் வாங்கி அங்கேயே விளையாடலாம். தனியாக வந்தவர்களுக்கு அது நல்ல தொடக்கம். உடையணிந்து, எழுந்து நடந்து, பாத்திரமாகவே வாழ்ந்து விளையாடும் ‘லார்ப்’ வகைக்கு வட ஐரோப்பாவில் பெரிய மரபே உண்டு. 1997-இல் நார்வேயில் தொடங்கிய அதற்கான தனி மாநாடு நாலு நாடுகளில் மாறி மாறி நடக்கிறது. ரோபெகானில் குட்டி லார்ப்கள் இருக்கும், ஒன்றாவது முயன்று பாருங்கள்.

வேடம் போட்டவர்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். தொடுவதற்கு முன் கட்டாயம் கேளுங்கள். மது அருந்திவிட்டு வரும் இடம் அல்ல இது. குடும்பத்தோடு, குழந்தைகளோடு வருகிறார்கள். யாராவது தொல்லை கொடுத்தால் தகவல் மேசையில் சொல்லுங்கள், அதைக் கேட்பதற்கென்றே பொறுப்பானவர்கள் இருக்கிறார்கள்.

பழைய ஆட்களோடு டீ குடிக்கும்போது டிபோலியைப் பற்றிக் கேளுங்கள். 1998 முதல் 2015 வரை ரோபெகான் நடந்த இடம் அது. ஹெல்சிங்கியை ஒட்டிய எஸ்போ நகரின் ஒட்டானியெமி பகுதியில், பாறைகளுக்கும் பைன் மரங்களுக்கும் நடுவே, மாணவர்களுக்காகக் கட்டிய கட்டடம். ரெய்மா பியெதிலா, ரைலி பியெதிலா தம்பதி வடிவமைத்து 1966-இல் முடிந்தது. உள்ளே நேரான சுவரைத் தேட வேண்டும் என்பார்கள். எந்த மூலையில் எந்தக் கதை விளையாடினோம் என்று சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள். 2016-இல் மெஸ்ஸுகெஸ்குஸுக்கு வந்தபிறகு இடம் தாராளம், சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் வசதி. ஆனால் அந்த மூலைகளை நினைத்து ஏங்குகிறார்கள், அதுவும் எனக்குப் புரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலை

பலர் மதியமே ரயில் பிடித்துவிடுவார்கள். முடிந்தால் நீங்கள் இருங்கள். முடிவு நிகழ்ச்சி ஆனதும் எல்லாவற்றையும் கழற்றி அடுக்கும் வேலை தொடங்கும். அதற்குப் பெயர் கொடுத்திருக்க வேண்டும் என்றில்லை. நின்றுகொண்டிருந்தால் கையில் ஏதாவது வந்துவிடும். வயர்களுக்கு ஒட்டிய டேப்பை உரிப்பது, மேசை விரிப்பை மடிப்பது, வழிகாட்டித் தாள்களைச் சுவரிலிருந்து எடுப்பது. கையுறை கொண்டுபோங்கள், மடக்கு நாற்காலி விரலைக் கடிக்கும்.

கண்மாய்க் கதை நடத்திய அந்த ஆண்டு, கடைசியில் நான் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் ஒருவர் வந்து மறுமுனையைப் பிடித்தார். நிமிர்ந்து பார்த்தால் நீர்க்கட்டி. இருவரும் பேசாமல் ஒரு வரிசை முழுக்க அடுக்கி முடித்தோம். கைகளைத் துடைத்துக்கொண்டு அவர், “வடக்கே வெட்டினேன்” என்றார். பிறகு அடுத்த வரிசைக்கு நடந்தார்.